செமினீத்: கீழ்ச்சுருதியில் ஓர் ஊழியம்

வேதபகுதி: 1 நாளாகமம் 15:16-24, 25:6-8



இந்த மாத வேதபாடத்தை ஒரு வாத்தியத்தை வைத்து எழுதுகிறேன். நமது லப்பைக்குடிக்காடு ஜெபவீட்டில் மேடைக்கு வலது பக்கம், ஆள் உயரத்துக்கு நிற்கிறதே ஒரு பெரிய வயலின், அதைப் பற்றித்தான். அதன் பெயர் டபுள் பேஸ். "பாஸ்டரய்யா, அது என்னத்துக்கு?" என்று கேட்காத வீடு இல்லை. தாய்மார் சிலர், "கிடாரு நல்லாத்தானே வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க, இந்த வயசுல எதுக்கு இது?" என்று வருத்தத்தோடும் கேட்டார்கள். பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பதிலுக்குள் என் பாவ அறிக்கையும் ஒன்று இருக்கிறது.

முதலில் வேதத்துக்குள் போவோம். தாவீது ராஜா தேவனுடைய பெட்டியை முதல் தடவை புது ரதத்தில் ஏற்றிக் கொண்டுவந்தான். ஊசா செத்தான். பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோம் வீட்டில் இருந்தது. கர்த்தர் அந்த வீட்டை ஆசீர்வதித்தார். இரண்டாம் தடவை தாவீது முறைப்படி லேவியரைக் கொண்டு சுமக்க வைத்தான். பாட்டுக்காரரையும் வரிசைப்படுத்தினான். 15-ஆம் அதிகாரத்தை விரலை வைத்து நிதானமாய் வாசியுங்கள். ஏமான், ஆசாப், ஏத்தான் மூன்று பேருக்கும் வெண்கலக் கைத்தாளம். எட்டுப் பேர் அலமோத் என்ற வகையில் தம்புரு வாசித்தார்கள். ஆறு பேர் செமினீத் என்ற வகையில் சுரமண்டலம் வாசித்தார்கள்.

வேதாகமக் கல்லூரியில் நான் படித்த எபிரெயு கொஞ்சம்தான். ஆனாலும் இந்த இரண்டு வார்த்தையும் மறக்கவில்லை. அலமோத் என்பது கன்னிப்பெண்கள் என்ற சொல்லோடு சேர்ந்தது. ஆகவே உயர்ந்த குரல், மேல்ஸ்தாயி என்று பலர் விளக்குகிறார்கள். செமினீத் என்றால் எட்டாவது. எட்டுத் தந்தி வாத்தியம் என்பாரும் உண்டு. எட்டுச் சுரம் கீழே, அதாவது கீழ்ஸ்தாயி என்பாரும் உண்டு. 6-ஆம் சங்கீதத்துக்கும் 12-ஆம் சங்கீதத்துக்கும் தலைப்பில் இதே வார்த்தை இருக்கிறது. 6-ஆம் சங்கீதம் இராத்திரியெல்லாம் படுக்கையைக் கண்ணீரால் நனைக்கிறவனுடைய சங்கீதம். அதைக் கீச்சுக் குரலில் பாடிப் பாருங்கள், ஒட்டாது. எனக்குக் கீழ்ஸ்தாயி என்ற விளக்கமே சரியாகப் படுகிறது.

அந்த ஆறு பேரின் பெயரைப் பாருங்கள். அதில் ஓபேத்ஏதோம் இருக்கிறான்! அதே அதிகாரத்தில் பெட்டிக்கு வாசல்காவலன் என்றும் அந்தப் பெயர் வருகிறது. மூன்று மாதம் பெட்டியைத் தன் வீட்டில் வைத்திருந்த அதே ஆள்தானா, அதே பெயருள்ள வேறு ஆளா என்று பண்டிதர்கள் வாதாடுவார்கள். நான் அதே ஆள் என்றுதான் நம்புகிறேன். நம்மில் ஒருவர் வீட்டில் பெட்டி இருந்திருந்தால் ஊர்வலத்தில் எந்த இடத்தைக் கேட்டிருப்போம்? தாவீதுக்குப் பக்கத்தில். இவனோ வாசலில் நின்றான், கீழ்ச்சுருதியில் வாசித்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பதினேழு வயதில் கிடார் எடுத்தவன் நான். நோட்ஸ் கொஞ்சம் தெரியும், கேள்வி ஞானம் அதிகம். எந்தக் கன்வென்ஷனுக்குப் போனாலும் முன்னால் நின்று வாசித்துப் பழகிவிட்டேன். நம் சபையில் ஒரு தம்பி பேஸ் கிடார் வாசித்தான். நன்றாக வாசித்தான். ஒரு ஞாயிறு ஆராதனை நடுவில், எல்லார் முன்னிலும், மைக்கிலேயே, "அந்த டும் டும் சத்தத்தைக் குறைப்பா" என்று சொன்னேன். சத்தம் அதிகமில்லை. அதற்கு முந்தின வாரம் இரண்டு பேர் அவனைப் பாராட்டியிருந்தார்கள், என்னைப் பாராட்டவில்லை, அதுதான் விஷயம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. பிறகு சென்னைக்குப் போய் ஓர் இசைப்பள்ளியில் படித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் பிரசங்கம் பண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

பல வருஷம் கழிந்து, திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு வயதான ஆங்கிலோ இந்திய ஐயா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போகுமுன் வீட்டைக் காலி பண்ணினார். ஜெபிக்கப் போன என்னிடம், இளவயதில் டான்ஸ் பேண்டில் வாசித்த டபுள் பேஸைக் காட்டி, "சர்ச்சுக்கு எடுத்துக்கோ மேன்" என்றார். குட்டியானை வண்டியில் இரண்டு மெத்தைக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். நம் தெரு டீக்கடை பாய் பார்த்துவிட்டு, "என்ன பாஸ்டர், வயலினுக்கு வயசாயிடுச்சா?" என்று சிரித்தார்.

கிடார் வாசிக்கிறவனுக்கு இது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். காரணம் உண்டு. கிடாரின் கீழ் நாலு தந்தி எதுவோ அதே இ, ஏ, டி, ஜி தான் இதற்கும். எட்டுச் சுரம் மட்டும் கீழே. கிடாரின் அடித் தந்தி விநாடிக்குச் சுமார் 82 தடவை அதிரும். இதன் அடித் தந்தி 41 தடவைதான். நோட்ஸில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் எப்போதும் பேசும். செமினீத்!

ஆனால் கிடாரிலும் வீணையிலும் இருக்கும் மெட்டு இதில் இல்லை. வெறும் கருப்புப் பலகை. கிடாரில் விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மெட்டு சுரத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும். கிடார் தந்தி நீளம் சுமார் 65 செ.மீ.; இதில் சுமார் 105 செ.மீ. ஆகவே தொடக்கத்தில் ஒரு அரைச்சுரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே கிட்டத்தட்ட 6 செ.மீ. இடைவெளி. கை முழுவதும் விரித்தால் ஒரு முழுச்சுரம்தான் எட்டும். அதிலும் மோதிர விரலுக்குத் தனி வேலை கிடையாது. சுண்டு விரலோடு சேர்ந்துதான் அழுத்த வேண்டும். வியன்னா நகரத்து ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840-1912) எழுதி வைத்த பாடமுறை இது, இன்றும் நடக்கிறது. இருபத்தைந்து வருஷமாய்த் தனித்தனியாய் ஓடிப் பழகிய என் விரல்கள் கேட்கவே இல்லை. ஆறு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு போராடினேன். வில்லை எடுத்தால் கதவு கிறீச்சிடுகிற சத்தம். வலது தோளில் வலி. என் மனைவி ஒரு நாள் மெதுவாய், "யார்கிட்டயாவது கேட்டுக்கலாமே" என்றாள்.

யாரிடம் கேட்பது? பெரம்பலூர் ஜில்லாவிலே எனக்குத் தெரிந்து இதை வாசிக்கிறவன் ஒருவனும் இல்லை. திருச்சியில் ஒருவன் இருந்தான். அந்தத் தம்பி.

மூன்று நாள் உபவாசம் இருந்துதான் போன் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. வாத்தியத்தைப் பற்றிப் பேசி ஆரம்பித்தேன். அது சரியில்லை என்று உள்ளே உணர்த்தப்பட்டேன். அந்த ஞாயிறைப் பற்றிப் பேசினேன். பொறாமையினால் சொன்னேன் என்று அந்த வார்த்தையையே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சனிக்கிழமை வரேங்க ஐயா" என்றான். வந்தான். தேற்றுதல் வார்த்தை எதுவும் அவன் சொல்லவில்லை. முதல் வார்த்தை, "கட்டைவிரலை இப்படிப் பின்னாடி வைங்க ஐயா. கழுத்தை அமுக்காதீங்க, கையோட கனத்தை மட்டும் விடுங்க."

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை இங்கே திறந்துகொள்ளுங்கள். கர்த்தரைப் பாடக் கற்றுத் தேறினவர்கள் 288 பேர். ஆளுக்குப் பன்னிரண்டாக 24 வகுப்பு. யார் முதலில், யார் பின்னால் என்பதற்குச் சீட்டுப் போட்டார்கள். அந்தச் சீட்டில் பெரியவனுக்கு ஒரு குலுக்கல், சிறியவனுக்கு ஒரு குலுக்கல் இல்லை. கற்றுக்கொடுக்கிறவனும் கற்றுக்கொள்ளுகிறவனும் ஒரே பாத்திரத்துக்குள் கையை விட்டார்கள். 15-ஆம் அதிகாரத்தில் கெனானியா சொல்லிக்கொடுத்ததற்கு வேதம் காட்டும் காரணமும் ஒன்றுதான்: அவனுக்கு அது தெரியும். வயதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. என் வாத்தியாருக்கு என் வயதில் பாதி.

மூன்று மாதம் வெறும் தந்திதான், விரல் வைக்காமல். இழு, தள்ளு, இழு, தள்ளு. வில்லுக்கு ரோசின் பூசு, திரும்ப இழு. சலிப்பாய் இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். சகோதரரே, நான் வாலிபனானேன்! வாத்தியத்தின் விலா என் வயிற்றில் சாய்ந்திருக்கிறது. அடித் தந்தியை வில் சரியாகப் பிடித்தால், சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சு எலும்பில் வருகிறது, தரையில் உள்ளங்காலில் வருகிறது. கிடாரில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று எண்ணி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இதில் காலையில் தெரியாத ஒன்று சாயங்காலம் தெரிகிறது. தப்பு வாசித்துவிட்டுச் சிரிக்கிற சுதந்தரமும் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு சந்தோஷத்தை வாசிக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கீபோர்டில் சி கார்டு பிடித்திருக்கட்டும். கீழே நான் சி வாசித்தால் பாட்டு வீட்டில் இருக்கிறது. அதே கார்டுக்கு அடியில் இ வாசித்தால், ஒரு காலைத் தூக்கி எங்கேயோ புறப்படுகிறது. ஏ வாசித்தால் அழுகை வந்துவிடும், மைனர் ஆகிவிடும். மேலே யாரும் கையை அசைக்கவே இல்லை! கீழே இருக்கிறவன் நகர்ந்தான், அவ்வளவுதான். சபையாருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் கலங்கும். ரொம்பப் பலவீனமாய்க் காணப்படுகிற அவயவங்களே மிகவும் அவசியம் என்று பவுல் 1 கொரிந்தியர் 12:22-ல் எழுதுவதை நான் நூறு தடவை பிரசங்கித்திருக்கிறேன். புரிந்தது இப்போதுதான்.

இத்தாலியில் பொட்டேசினி (1821-1889) என்று ஒருவர் இருந்தார். மிலான் இசைக்கல்லூரியில் உதவித்தொகையோடு மிச்சம் இருந்த இடம் இரண்டுதான், ஒன்று பசூன் என்ற குழலுக்கு, ஒன்று டபுள் பேஸுக்கு. வயலின் பையனாகிய அவர் சில வாரத்தில் டபுள் பேஸ் பழகி அந்த இடத்தில் சேர்ந்தார். பின்னாளில் இந்த வாத்தியத்துக்கே ராஜா போல ஆனார். மிச்சம் கிடந்த இடம் அது.

இது வெள்ளைக்காரன் வாத்தியம், சபைக்கு ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலினும் அப்படி வந்ததுதான். பாலுசாமி தீட்சிதரும் (1786-1858) தஞ்சாவூர் வடிவேலுவும் அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம் வீடுகளில் பாட்டனார் காலத்து ஆர்மோனியம், பாரீஸில் டெபேன் என்பவர் 1842-ல் உரிமை பதிந்தது. மரத்துக்கும் தந்திக்கும் ஜாதி இல்லை. சினிமாவில் வருகிறதே என்றால், மேளமும் வருகிறது, தாளமும் வருகிறது. 2025 மார்ச் 8-ல் லண்டனில் இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றிய படங்களைச் செய்தியில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அப்படிப்பட்ட வாத்தியக் கூட்டத்தில் பெரும்பாலும் ஓரத்தில் உயரமாய் நிற்பவை இவைதான். நாம் பார்க்க வேண்டியது, யாருக்காக வாசிக்கிறோம் என்பதை.

குறையையும் மறைக்கவில்லை. கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிற வெளிக் கூட்டங்களுக்கு இதைக் கொண்டுபோய்ப் பயனில்லை. அந்தக் கூம்பு இவ்வளவு கனமான சுரத்தைத் துப்பிவிடும், கொசு போலத்தான் கேட்கும். சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் வைத்தால் மரத்தின் ஒட்டு விடும். ஆகையால் கோடையில் அது பாஸ்டர் வீட்டில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிள்ளைகளே, குதிரையைத் தொடாதீர்கள். அது ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது.

கடைசியாகப் போன மாத உபவாச ஜெபத்தைச் சொல்லி முடிக்கிறேன். பதினொரு மணிக்கு கரண்ட் போனது. கீபோர்டு செத்தது, மைக் செத்தது. தம்பி அன்றைக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்தான். நம் கிடாரை எடுத்தான். அப்போது முன்வரிசையில் இருக்கும் மூத்த தாயார் ஒருவர், கண்ணை மூடியபடியே ஒரு பழைய பாட்டை எடுத்தார். உங்களுக்குத் தெரியும், அவர் எடுக்கிற சுருதி டி-யும் இல்லை, அடுத்த அரைச்சுரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். தம்பி கேப்போவை இங்கே வைத்தான், அங்கே வைத்தான், சேரவில்லை. மெட்டுக்கு நடுவில் கிடாருக்குச் சுரம் கிடையாதே. வருஷக்கணக்காக அந்தத் தாயார் பாட்டு எடுக்கும்போதெல்லாம் நான் கிடாரை ஓங்கி அடித்து அவரை என் சுருதிக்கு இழுத்திருக்கிறேன். அவர் குரல் திக்கும், மற்றவர்கள் மேலேறிப் பாடிவிடுவார்கள், அவர் பாதியில் நிறுத்திவிடுவார்.

தம்பி கிடாரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் வில்லை எடுத்து, விரலைக் கறுப்புப் பலகையில் மெல்ல நகர்த்தினேன், ஒரு நூல், இன்னும் ஒரு நூல். அவர் குரலுக்கு நேர் கீழே போய்ச் சேர்ந்தது. அங்கேயே நின்றேன். பாட்டு அஞ்சு சரணமும் அவரே முன்னின்று பாடினார். சபை பின்னால் பாடியது.

ஜெபம் முடிந்து கஞ்சி கொடுக்கும்போது அந்தத் தாயார் என்னிடம் வந்து, "இன்னிக்கு என் தொண்டை எப்படி ஐயா இம்புட்டு நல்லா இருந்துச்சு?" என்று கேட்டார். தம்பி தன் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்தோத்திரம் அம்மா" என்றேன்.