தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும்: விதி எழுதப் பழக்கும் ஒரு பாடம்

மாடித் தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் “மோட்டாரை நிறுத்துங்க” என்று குரல் எழாத தெரு நம் ஊர்களில் குறைவு. பல வீடுகளில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வேலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. அந்த வேலையை ஒரு கணினியிடம் ஒப்படைக்க வேண்டுமானால் அதற்கு என்னென்ன சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளைகளில் நடத்தக்கூடிய பாடம் இது.

கடையில் கிடைக்கும் தானியங்கி நீர்மட்டக் கருவி போதாதா என்று கேட்கலாம். வீட்டுக்குப் போதும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விதி மாணவர் கண்ணுக்குத் தெரியாது. விதியைத் திறந்து பார்க்கவும், மாற்றவும், தவறினால் எங்கே தவறியது என்று தேடவும் ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு ‘ஹோம் அசிஸ்டென்ட்’ நன்கு பொருந்துகிறது. பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013-இல் பைத்தான் மொழியில் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விளக்கு, மின்விசிறி, உணர்விகள் ஆகியவற்றை ஒரே திரையில் கொண்டுவந்து, அவற்றுக்கிடையே விதிகளை எழுத உதவுகிறது.

நிறுவுவது கடினமன்று. ராஸ்பெரி பை 4 அல்லது 5 இருந்தால், ‘ராஸ்பெரி பை இமேஜர்’ என்னும் செயலியைக் கொண்டு 32 ஜிபி நினைவக அட்டையில் ஹோம் அசிஸ்டென்ட் இயங்குதளத்தை எழுதிச் செருகலாம். அது இல்லையென்றால், ஓரளவு நல்ல மடிக்கணினியில் ‘விர்ச்சுவல் பாக்ஸ்’ வழியாகவும் இயக்கலாம். முதல்முறை இணைய இணைப்பு தேவை. பதிவிறக்கம் முடியச் சற்றுப் பொறுக்க வேண்டும். பிறகு அதே வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியின் உலாவியிலும் ‘ஹோம்அசிஸ்டென்ட் டாட் லோக்கல்’ என்ற முகவரியைத் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, 8123 என்று சேர்த்தால் தொடக்கத் திரை வரும். பயனர் பெயர், கடவுச்சொல், ஊர், நேர மண்டலம் கேட்கும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் தலைமையாசிரியரிடமும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் அனுமதியின்றி எதையும் நிறுவ வேண்டாம்.

பாடத்துக்கு மோட்டாரோ உணர்வியோ தேவையில்லை. அமைப்புகள் பகுதியில் ‘ஹெல்பர்’ என்னும் வசதி உண்டு. அங்கே 0 முதல் 100 வரை நகரும் எண் பட்டைகள் இரண்டை உருவாக்கி, ஒன்றுக்கு ‘மாடித் தொட்டி’ என்றும் மற்றொன்றுக்கு ‘தரைத்தொட்டி’ என்றும் பெயரிடுங்கள். ‘டாகிள்’ வகையில் ஒரு பொத்தானுக்கு ‘மோட்டார்’ என்று பெயர். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். பட்டையை நகர்த்தினால் நீர்மட்டம் மாறியதாகவும், பொத்தான் விழுந்தால் மோட்டார் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம்.

இனி விதி. ஹோம் அசிஸ்டென்டில் ஒவ்வொரு தானியக்க விதிக்கும் மூன்று பகுதிகள்: தூண்டல், நிபந்தனை, செயல். கணினியைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் தங்கள் விதியைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதட்டும். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்: “மாடித் தொட்டி 20-க்குக் கீழே போனால், தரைத்தொட்டியில் 30-க்கு மேல் தண்ணீர் இருந்தால், மோட்டாரைப் போடு.” நல்ல வாக்கியம்தான். முதல் பகுதியைத் தூண்டலாகவும், இரண்டாவதை நிபந்தனையாகவும், மூன்றாவதைச் செயலாகவும் உள்ளிடச் சொல்லுங்கள். தரைத்தொட்டியை 60-இல் வைத்து மாடித் தொட்டியை 50-லிருந்து 15-க்கு இறக்கினால் மோட்டார் விழும். வகுப்பு கைதட்டும்.

அடுத்து, மோட்டாரை அணைத்துவிட்டு மாடித் தொட்டியை மீண்டும் 50-இல் வையுங்கள். தரைத்தொட்டியை 5-க்கு இறக்குங்கள். ஊராட்சித் தண்ணீர் அன்று வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மாடித் தொட்டியை 15-க்குக் கொண்டுவாருங்கள். மோட்டார் ஓடாது, அது சரியே. இப்போது தண்ணீர் வந்துவிட்டது: தரைத்தொட்டியை 60-க்கு ஏற்றுங்கள். மேலே தண்ணீர் இல்லை, கீழே இருக்கிறது. ஆனாலும் மோட்டார் ஓடாது. மாடித் தொட்டியை 12-க்கு இறக்கிப் பார்த்தாலும் ஓடாது.

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாமல் பத்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மென்பொருள் பழுதென்று சிலர் சொல்வார்கள். விதியை அழித்து மறுபடி எழுதுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, “கீழே போனால்னுதானே சார் எழுதியிருக்கோம், அது ஏற்கெனவே போயிடுச்சே” என்றாள். அதுவே விடை. ‘கீழே போனால்’ என்பது நிகழ்வு. 20 என்ற கோட்டைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் நடப்பது. ‘கீழே இருந்தால்’ என்பது நிலை. தூண்டல் நிகழ்வைக் கவனிக்கிறது. நிபந்தனை நிலையைச் சோதிக்கிறது. மட்டம் கோட்டைத் தாண்டிய கணத்தில் நிபந்தனை பொருந்தவில்லை, விதி அங்கேயே முடிந்தது. பிறகு தண்ணீர் வந்ததைக் கவனிக்க எந்தத் தூண்டலும் இல்லை. ஸ்க்ராட்ச் பழகிய பிள்ளைகளும் தடுமாறும் இடம் இது. தமிழாசிரியரை அழைத்து ‘போனால்’, ‘இருந்தால்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி விளக்கச் சொன்னால் கணினிப் பாடம் பாதி முடிந்துவிடும்.

திருத்தம் எளிது. ‘தரைத்தொட்டி 30-க்கு மேலே போனால்’ என்று இன்னொரு தூண்டலையும், ‘மாடித் தொட்டி 20-க்குக் கீழே இருந்தால்’ என்று இன்னொரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். இரண்டில் எது முதலில் நடந்தாலும் மோட்டார் ஓடும்.

நிறுத்தும் விதிகள் தனி. மாடித் தொட்டி 90-ஐத் தாண்டினால் நிறுத்து. தரைத்தொட்டி 10-க்குக் கீழே போனால் நிறுத்து. போடுவதற்கு 20, நிறுத்துவதற்கு 90 என இரண்டு எண்கள் ஏன் என்று யாராவது கேட்பார்கள். ஒரே எண்ணை வைத்தால் தண்ணீர் அலையும் ஒவ்வொரு முறையும் மோட்டார் விழுந்து விழுந்து அணையும். இஸ்திரிப் பெட்டியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் வெப்பநிலைக்கு இதே ஏற்பாடுதான்.

உணர்வி பழுதாகி 40 என்றே காட்டிக்கொண்டிருந்தால்? 90 வரவே வராது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே நேர வரம்பு வேண்டும். இங்கே கணிதம் வருகிறது. 1000 லிட்டர் தொட்டியில் 20 விழுக்காட்டிலிருந்து 90 வரை ஏற்ற 700 லிட்டர் தேவை. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டாருக்கு ஏறக்குறைய 24 நிமிடம். அப்படியானால் “மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து ஓடினால் நிறுத்து” என்று ஒரு விதி. வகுப்பில் 30 நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம் என்று வைத்துச் சோதிக்கலாம். தங்கள் வீட்டுத் தொட்டிக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு வருவது வீட்டுப்பாடம்.

ஓர் எச்சரிக்கை. இதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டு மோட்டாரில் கைவைக்க ஆசைப்படுவார்கள். 230 வோல்ட் இணைப்பை மாணவர் தொடக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. கடையில் வாங்கும் சிறிய ரிலே பலகை அதைத் தாங்காது. அது மின்பணியாளரின் வேலை.

திறன்மிகு கருவிகளை வாங்குவது பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். அந்தக் கருவி வீட்டுக்குள்ளேயே கட்டளையை ஏற்கிறதா, அல்லது நிறுவனத்தின் இணையச் சேவையகத்தைக் கேட்டுத்தான் இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ‘ரிவால்வ்’ என்ற கருவியை விற்ற நிறுவனத்தை நெஸ்ட் 2014-இல் வாங்கியது; 2016 மே மாதத்தில் அதன் சேவையகம் நிறுத்தப்பட்டது. பழுதேதும் இல்லாத கருவிகள் அன்றோடு பயனற்றுப் போயின. ஹோம் அசிஸ்டென்டில் விதிகள் நம் கணினியிலேயே இருப்பதால், வீட்டுக்குள் இயங்கும் கருவிகளை இணையம் அறுந்தாலும் அது இயக்கும்.

தொடக்கப் பள்ளியில் கணினி இல்லாமலே இதை நடத்தலாம். இரண்டு பிள்ளைகள் தொட்டிகள். ஆளுக்கு ஓர் எண் அட்டைக் கட்டு. ஒருவர் மோட்டார், எழுந்தால் ஓடுகிறது, அமர்ந்தால் நிற்கிறது. இன்னொருவர் கையில் விதி எழுதிய தாள். அதில் உள்ளதை மட்டுமே அவர் சொல்லலாம், சொந்தமாக எதுவும் சொல்லக்கூடாது. தொட்டி காலியாக இருந்தும் மோட்டார் உட்கார்ந்தே இருக்கும்போது வகுப்பே “எழுந்திரு” என்று கத்தும். அப்போது தாளைத் திருத்தச் சொல்லுங்கள்.