விலை உயர்ந்த டிஜிட்டல் பிளேயரும் நமது செவியும்

இசை கேட்பதற்கென்றே தயாரிக்கப்படும் டிஜிட்டல் பிளேயர்கள் பல்வேறு விலைகளில் விற்பனையாகின்றன. 2023ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இந்தியாவில் அறிமுகம் செய்த இரு வாக்மன் கருவிகளில் ஒன்றின் அப்போதைய விலை 25,990 ரூபாய். மற்றதன் அப்போதைய விலை 69,990 ரூபாய். இடையேயுள்ள 44,000 ரூபாய் ஒரு பள்ளியின் இசை வகுப்புக்கோ ஒரு கள அலுவலகத்திற்கோ சிறு தொகையன்று. அத்தொகைக்கு ஈடாகச் செவி பெறும் நன்மை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒலி எண்ணாதல்

காற்றின் அதிர்வே ஒலி. டிஜிட்டல் முறையில் அவ்வதிர்வின் அளவு சீரான இடைவெளிகளில் அளக்கப்பட்டு, எண்களாகப் பதிவு செய்யப்படுகிறது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைத்தட்டில் வினாடிக்கு 44,100 முறை இவ்வளவு எடுக்கப்படுகிறது. ஓர் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தால், அவ்வொலியை முழுமையாக மீட்டுவிடலாம் என்பதைச் சானன் என்பார் 1949ஆம் ஆண்டில் நிறுவினார். இளைஞரின் செவி உணரும் உச்ச எல்லை வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள். வயது ஏற ஏற இவ்வெல்லை குறைந்துவிடும். ஆகவே 44,100 என்னும் அளவே மனிதச் செவிக்குப் போதுமானது. எண்களுக்கிடையே ஒலி படிக்கட்டுப்போல் உடைந்து நிற்கும் என்று சிலர் கருதுவது தவறு.

ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களால் குறிக்கப்படும்போது 65,536 படிகள் கிடைக்கின்றன. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே இது சுமார் 96 டெசிபெல் இடைவெளியைத் தருகிறது. விலை உயர்ந்த கருவிகள் கையாளும் 24 இலக்க முறையில் இவ்விடைவெளி, கணக்கின்படி, 144 டெசிபெல் ஆகும்.

மிருதங்கம் தரும் சான்று

1934ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் அகாதெமியின் வெளியீட்டில், சர் சி. வி. இராமன் நமது தோற்கருவிகளைப் பற்றி எழுதினார். மிருதங்கத் தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்றுகூடி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் விகிதத்தில் அமைந்த ஐந்து இசைவான ஒலிகளைத் தருகின்றன என்று அவர் விளக்கினார். அடிச்சுரத்தை 200 அதிர்வுகள் எனக் கொண்டால், ஐந்தாவது ஒலி 1,000 அதிர்வுகளேயாகும். விரல் படும் கணத்தில் இதனினும் மிக உயர்ந்த ஓசைகள் எழுவது உண்மையே. எனினும் செவிக்கு எட்டும் பகுதி முழுவதும் 44,100 என்னும் அளவிலேயே பதிவாகிவிடுகிறது.

செவிகளின் தீர்ப்பு

கணக்கு ஒருபுறமிருக்க, கேட்போர் வேறுபாட்டை உணர்கின்றனரா? மேயர், மோரன் ஆகியோர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதனையே 16 இலக்கம், 44,100 என்னும் அளவுக்குக் குறைத்த ஒலியையும் எது எதுவென்று அறிவிக்காமல் கேட்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276 முறையே விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கும். 2016ஆம் ஆண்டில் ரைஸ் என்பார் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, சரியான விடை 52.3 சதவீதம் என அறிந்தார். தீவிரப் பயிற்சி பெற்றோரிடம் இது மேலும் உயர்ந்தது. எனவே வேறுபாடு அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. பொதுவாகக் கேட்போருக்கு அது மிகச் சிறிது என்பதே முடிவு.

சூழ்நிலையின் இரைச்சல்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011ஆம் ஆண்டில் இரைச்சலைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கிய நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபெலும் கடைவீதிக்கு 65 டெசிபெலும் வரம்பாகும். கடைவீதியில் இரைச்சல் அவ்வரம்புக்குள்ளேயே இருப்பதாகவும், ஒருவர் சாதாரணக் காதுக்கருவியில் 85 டெசிபெல் அளவில் இசை கேட்பதாகவும் கொள்வோம். இரைச்சலுக்கு மேல் எஞ்சுவது 20 டெசிபெலே. அங்கே 96 டெசிபெல் தரும் கருவிக்கும் 144 டெசிபெல் தரும் கருவிக்கும் வேறுபாடு தோன்ற இடமில்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவோர் தம் செவியையே இழக்கக்கூடும். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின், வளர்ந்தோருக்கு 80 டெசிபெலும் சிறுவர்களுக்கு 75 டெசிபெலும் வரம்பு என உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. வெளி ஓசையைத் தடுத்து, காதில் நன்கு பொருந்தும் காதுக்கருவி குறைந்த ஒலியிலேயே இசையைத் தெளிவாகக் கேட்க உதவும். ஆகவே கூடுதல் பணத்தை முதலில் இதற்கும், நல்ல ஒலிபெருக்கிக்கும், அமைதியான அறைக்கும் செலவிடுதல் நன்று.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

இரு கருவிகளில் ஒரே பாடலை ஒரே காதுக்கருவியின் மூலம் ஒலிக்கச் செய்க. இரண்டின் ஒலியளவும் சமமாதல் இன்றியமையாதது. சற்றே உரத்த ஒலி சிறந்ததென்று மயங்குவது செவியின் இயல்பு. முதலில் இரு கருவிகளையும் பெயர் கூறிக் கேட்பிக்கவும். பின்னர் ஒருவர் நாணயத்தைச் சுண்டிக் கருவியைத் தேர்ந்து மறைவில் இயக்க, மாணவர் எக்கருவி என எழுதுக. இவ்வாறு பத்து முறை செய்க. ஊகத்தாலேயே ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட விடைகள் சரியாக அமைவது நூற்றில் ஏறக்குறைய ஒரு முறையே. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒருவர் தற்செயலாகவும் இவ்வெண்ணை எட்டக்கூடுமாதலால், அவரை மீண்டும் ஒருமுறை சோதித்தல் வேண்டும்.

அதிக ஆற்றல் வேண்டும் பெரிய ஹெட்போனை இயக்கவும், அகன்ற திரைக்காகவும், கூடுதல் சேமிப்பு இடத்திற்காகவும் விலை உயர்ந்த கருவியை வாங்குவது நியாயமே. அவ்விலை வசதிக்குத் தரப்படுவது. ஒலியின் பொருட்டே வாங்க எண்ணுவோர், இச்சோதனையைச் செய்த பின்னர் முடிவு செய்வாராக.