கரையோரக் கடல்நீரில் ஒளியை உறிஞ்சுவது எது? பிரித்து அளக்கும் முறை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கொட்டுவது வண்டல் மட்டுமல்ல. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மக்கிய இலைகளின் சாறும் கூடவே வருகிறது. தேயிலைத் தண்ணீரைப் போல அதுவும் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். எனவே பரங்கிப்பேட்டைக்கு எதிரே உள்ள கடலில் நீல ஒளி குறைந்திருப்பதைக் கண்டு நுண்பாசி பெருகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நடுக்கடலில் அந்த முடிவு ஓரளவு செல்லும். அங்கே நீரின் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாசியும் அதைச் சார்ந்தவையும்தான். கரையோரத்தில் ஆறும் அடிமண்ணும் தம் போக்கில் கலக்கின்றன. நீல, பச்சை ஒளிகளின் விகிதத்தை வைத்துச் செயற்கைக்கோள் கணிக்கும் குளோரோபில் இங்கே மிகைப்படுவது இதனால்தான். நுண்பாசி, உயிரற்ற துகள், அந்த இலைச்சாறு போன்ற கரைந்த நிறக் கரிமம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

முதலில் கரைந்த பங்கு. நீரை எடுத்த உடனே 0.2 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். உறிஞ்சுவிசை மென்மையாக இருக்கட்டும். கூடினால் பாசிச் செல்கள் உடைந்து நிறமி வடிநீரில் கலந்துவிடும். வடிநீரைக் கண்ணாடிக் குப்பியில் இருட்டிலும் குளிரிலும் வைத்து, அளக்கும் முன் அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். 10 சென்டிமீட்டர் குவெட்டில் ஊற்றி, மிகத்தூய நீரை ஒப்பாக வைத்து ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 440 நானோமீட்டரில் கருவி 0.03 காட்டினால், அதை 2.303ஆல் பெருக்கி 0.1 மீட்டரால் வகுக்க, மீட்டருக்கு 0.69 என்று உறிஞ்சல் குணகம் கிடைக்கும். வளைவு அலைநீளம் கூடக்கூட வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். 675 அருகே சிறு மேடு தெரிந்தால் பாசி நிறமி கசிந்திருக்கிறது. அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து துகள்கள். குவெட்டிலேயே நேரடியாக அளக்கலாமே என்று தோன்றும். ஆனால் துகள்கள் அதில் மிகக் குறைவு. போதாததற்கு, அவை சிதறடிக்கும் ஒளியையும் சாதாரணக் கருவி உறிஞ்சியதாகவே கணக்கிட்டுவிடும். ஆகவே அளவு தெரிந்த நீரைக் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டி, துகள்களை ஓரிடத்தில் திரட்டுகிறோம். 500 மில்லிலிட்டர் நீர் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் படிந்தால், ஒளி சுமார் 1.6 மீட்டர் நீரைக் கடந்ததற்குச் சமம். அதே நீரின் வடிநீரில் நனைத்த வெற்று வடிதாளை ஒப்பாக வையுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: ஒளி இழைகளுக்குள் மோதி மோதி நடப்பதால் அதன் பாதை நீள்கிறது, அளவும் இரு மடங்குபோல உயர்ந்து தெரியும். பாதைநீட்சித் திருத்தம் செய்யாத எண்ணை நம்ப வேண்டாம். வடிதாளை ஒருங்கிணைப்புக் கோளத்துக்குள் வைத்து அளக்கும் வசதி இருந்தால் சிதறலால் வரும் பிழை பெரிதும் தணியும்; பாதைநீட்சித் திருத்தம் அப்போதும் தேவை.

பாசியையும் உயிரற்ற துகளையும் பிரிக்க, அளந்த வடிதாளின் மேல் மெத்தனாலை ஊற்றி நிறமியைக் கரைத்து இறக்கிவிட்டு, வடிகட்டிய கடல்நீரால் அலசி, மறுபடி அளக்க வேண்டும். இரு அளவுகளின் வித்தியாசம்தான் பாசியின் பங்கு; 440, 675 இரண்டிலும் அதற்கு உச்சம் தெரியும். மெத்தனால் எல்லா நிறமியையும் எடுப்பதில்லை என்ற ஆட்சேபம் சரியானதே. நீலப்பச்சைப் பாசிகளின் ஃபைக்கோபிலின் நிறமி நீரில் கரைவது, மெத்தனாலுக்கு மசியாது. டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி பூத்திருக்கும் நாளில் மெத்தனாலோடு நின்றால் பாசியின் ஒரு பகுதி உயிரற்ற துகளின் கணக்கில் ஏறிவிடும். அப்போது சோடியம் ஹைப்போகுளோரைட்டால் வெளுப்பதே மேல்.

இவ்வளவு பாடு எதற்கு, மொத்த வளைவை ஒருமுறை எடுத்துக் கணினியில் பிரித்துவிடலாமே என்பார்கள். கரைந்த கரிமமும் உயிரற்ற துகளும் ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இறங்குகின்றன. கருவியின் சிறு இரைச்சலே ஒன்றின் பங்கை மற்றதுக்குத் தள்ளிவிடும். பாசியின் வடிவமும் நிலையானதல்ல: செல் பெருத்து நிறமி செறிந்தால் நீல உச்சம் தட்டையாகிறது. ஒரு கடற்கரையில் மழைக்காலத்திலும் கோடையிலும் பிரித்தளந்த எண்கள் கையில் சேர்ந்த பிறகு, அந்தக் கடற்கரைக்கு மட்டும் கணினிப் பிரிப்பைப் பயன்படுத்தலாம். கூடவே ஒவ்வொரு மாதிரியோடும் உப்புத்தன்மையையும் குறித்து வையுங்கள். உப்பு குறையக் குறையக் கரைந்த கரிமம் ஏறினால், அது ஆற்றுவழி வந்தது என்று கருத நல்ல ஆதாரம் கிடைக்கும்.