தண்டவாளப் பராமரிப்பு வேலை: அறிந்து சேர்வோம், தரகரிடம் ஏமாறாதிருப்போம்



தொட்டியம் வட்டாரத்தில் ரயில் பாதை இல்லை. காவிரியைக் கடந்து தென்கரைக்குப் போனால்தான் குளித்தலை, லாலாப்பேட்டை, மாயனூர் என்று திருச்சி–ஈரோடு பாதையின் நிலையங்கள். எனினும் வாழைக்கும் கோரைக்கும் அடுத்தபடியாக நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் பேசுவது ரயில்வே வேலையைப் பற்றித்தான். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கும் அங்கே நிரந்தர வேலை உண்டு என்பதே காரணம். அந்த ஆசையை வைத்தே பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்த வேலை என்ன, அதற்கு எப்படிப் போவது, எதில் ஏமாறக்கூடாது என்பதை இந்த இதழில் பாடமாகவே தருகிறோம். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படித்தால் நல்லது.

வேலை என்ன?

முன்பு கேங்மேன் என்றார்கள், பிறகு டிராக்மேன் என்றார்கள். இப்போது அறிவிப்பில் 'டிராக் மெயின்டெய்னர் கிரேடு 4' என்று வரும். பெயர் மாறினாலும் வேலை ஒன்றே: வண்டி ஓடும் பாதையைப் பழுதில்லாமல் வைத்திருப்பது.

நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. தண்டவாளத்தின் கீழே கான்கிரீட் சிலிப்பர் கட்டை. ஒன்று கால் டன்னுக்கும் அதிக எடை. அதன் கீழே கருங்கல் ஜல்லி. வண்டிகள் ஓட ஓட ஜல்லி அமுங்கும், கட்டை ஆடும், கிளிப்புகள் தளரும். ஜல்லியைத் தள்ளி, கட்டைக்கு அடியில் கெட்டித்து, மட்டம் பார்த்து, தளர்ந்ததை இறுக்குவது அன்றாட வேலை. இன்று பெரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் கடப்பாரையும் மண்வெட்டியும் சுத்தியலும் கையைவிட்டுப் போகவில்லை.

குழுவில் கீமேன் என்று ஒருவர் இருப்பார். தமக்கு ஒதுக்கிய சில கிலோமீட்டர் பாதையைத் தினமும் நடந்தே பார்ப்பார். விரிசல், தளர்ந்த கிளிப், உடைந்த வெல்டிங் எதையும் முதலில் காண்பவர் அவர்தான்.

இவை தவிர காலத்துக்கு ஏற்ற ரோந்தும் உண்டு. வெயில் காலத்தில் ஒரு கிலோமீட்டர் நீள இரும்பு 30 டிகிரி சூடேறினால், தடுப்பார் இல்லாவிட்டால் சுமார் 34 சென்டிமீட்டர் நீளும். வெல்டிங் செய்து இணைத்த நீண்ட தண்டவாளத்தை அப்படி நீள விடாமல் பிடித்து வைத்திருப்பவை ஜல்லியும் கிளிப்பும்தான். அவை தளர்ந்தால் பாதை பாம்பு போல வளைந்துவிடும். எனவே உச்சி வெயிலில் ரோந்து. குளிரில் இரும்பு சுருங்கி விரிசல் விடும் என்பதால் பின்னிரவில் ரோந்து. மழைக்காலத்தில் பாலங்களிலும் கரைகளிலும் இரவெல்லாம் ரோந்து.

மழை ரோந்து எதற்கு என்பதற்கு நம் பழைய திருச்சி மாவட்டமே சாட்சி. 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அமைச்சர் விலகியதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். வெள்ளம் வரும் இரவில் விளக்கோடு பாலத்தருகே நிற்கும் தொழிலாளியையும் நாம் நினைக்க வேண்டும்.

சுரங்கப் பாதையில் எப்படி?

இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் ஓடியது. சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று தொடங்கியது. அதன் சுரங்க வழி 2017 மே 14 அன்று திருமங்கலம்–நேரு பூங்கா இடையே திறந்தது.

சுரங்கத்துள் ஜல்லி இல்லை. தண்டவாளம் கான்கிரீட் தளத்தில் பதிந்திருக்கும். வெயிலும் மழையும் இல்லை என்று எளிதாக எண்ணக்கூடாது. பகல் முழுவதும் வண்டி ஓடுவதால் வேலை நள்ளிரவுக்குப் பிறகுதான். கடைசி வண்டி போய், மின்சாரம் நிறுத்தி, அனுமதி வாங்கி இறங்கி, முதல் வண்டிக்கு முன் கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். கிடைப்பது மூன்று நான்கு மணி நேரம். சென்னையில் தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கடத்தி. கொல்கத்தாவிலும் சிங்கப்பூரின் பழைய வழித்தடங்களிலும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே 750 வோல்ட் மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளம். மின்சாரம் நின்றதை உறுதி செய்யாமல் கால் வைக்கவே கூடாது.

மெட்ரோ நிறுவனங்கள் தம் பணியிடங்களைத் தாமே தனியாக அறிவிக்கும். ரயில்வே தேர்வு வேறு, அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தகுதியும் தேர்வும்

2025 ஜனவரியில் ரயில்வே வெளியிட்ட லெவல் 1 அறிவிப்பில் நாடு முழுவதும் 32,438 இடங்கள் இருந்தன. அதில் 13 ஆயிரத்துக்கும் மேல் தண்டவாளப் பராமரிப்பு இடங்கள். அந்த அறிவிப்பின்படி:

• கல்வி: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அல்லது ஐ.டி.ஐ.

• வயது: 18 முதல் 36 வரை. ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு. வயது வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

• கணினித் தேர்வு: 90 நிமிடம், 100 கேள்விகள். பொது அறிவியல் 25, கணிதம் 25, பகுத்தறியும் திறன் 30, பொது அறிவும் நடப்பு நிகழ்வும் 20. தமிழிலேயே எழுதலாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும்.

• உடல் திறன், ஆண்கள்: 35 கிலோ எடையைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் சுமக்க வேண்டும். 1000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியில் ஓட வேண்டும்.

• உடல் திறன், பெண்கள்: 20 கிலோ எடை, அதே தூரம், அதே நேரம். 1000 மீட்டரை 5 நிமிடம் 40 வினாடியில் ஓட வேண்டும்.

• மருத்துவப் பரிசோதனை: பார்வை முக்கியம். நிறம் பிரித்தறிதலும் இரவுப் பார்வையும் சோதிக்கப்படும்.

எடைக்கும் ஓட்டத்துக்கும் ஒரே வாய்ப்புதான். 35 கிலோ என்பது அந்தியோதயா அட்டைக்கு மாதம் தரும் அரிசியின் அளவு. ஓட்டத்துக்கு 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றை 1 நிமிடம் 42 வினாடிக்குள் முடிக்கும் வேகம் வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு பயிற்சியைத் தொடங்கினால் போதாது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஆற்றங்கரைச் சாலையில் ஓடுவதை இன்றே தொடங்கலாம். நிறக்குருடு உள்ளதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் பார்த்துக்கொண்டால் இரண்டு வருட உழைப்பு வீணாகாது.

இன்னொரு வழியும் உண்டு. ரயில்வேயில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 இடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு. பொன்மலைப் பணிமனை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் இந்த வழியைக் கவனிக்க வேண்டும்.

நம் சமுதாயத்தினர் கவனிக்க வேண்டிய சான்றிதழ்கள்

ஒன்று, கட்டணம். பொதுப் பிரிவுக்கு 500 ரூபாய். தேர்வு எழுதினால் 400 திரும்பும். சிறுபான்மையினர், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்டோருக்கு 250 ரூபாய் மட்டும். தேர்வு எழுதினால் வங்கிக் கழிவு போக அதுவும் திரும்பி வரும். முஸ்லிம்கள் இந்தச் சலுகைக்கு உரியவர்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது சிறுபான்மையினர் என்பதற்கான உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும்.

இரண்டு, இடஒதுக்கீடு. மாநில அரசின் 3.5 சதவீத பி.சி. முஸ்லிம் ஒதுக்கீடு ரயில்வேயில் செல்லாது. அங்கே மத்திய அரசின் 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடுதான். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை பிரிவினர் மத்தியப் பட்டியலில் உள்ளனர். மற்றவர்கள் தங்கள் பிரிவின் பெயர் அதில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். மாநில பி.சி.எம். சான்றிதழை மட்டும் கொண்டு போனால் ஒதுக்கீடு கிடைக்காமல் போகும்.

மூன்று, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது' என்றும் ஆதாரில் 'முஹம்மத்' என்றும், தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். விண்ணப்பத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் திருத்திவிடுங்கள்.

சம்பளமும் சிரமமும்

ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, அபாயப் படி தனி. ரயில் பயணப் பாஸும் ரயில்வே மருத்துவமனைச் சிகிச்சையும் உண்டு. கிரேடு 3, 2, 1 என்று உயரலாம். துறைத் தேர்வுகள் எழுதி வேறு பிரிவுக்கும் போகலாம்.

சிரமத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெற்கு ரயில்வேயில் கேரளத்தின் மலையோரமாகவும் இருக்கலாம், கடைவீதியே இல்லாத நிலையமாகவும் இருக்கலாம். மழை, வெயில், இரவு எல்லாம் வேலை நேரமே. பட்டம் படித்தவர்கள் 'அரசு வேலை' என்று மட்டும் எண்ணிச் சேர்ந்து, சில மாதங்களில் மனம் உடைவதும் நடக்கிறது. பெண் பார்க்கும் வீட்டிலும் கடப்பாரை பிடிக்கும் வேலை என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டவர்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே தர்மமாகக் கருதுகிற மார்க்கத்தில், ஆயிரம் பேர் பயணிக்கும் பாதையைக் காப்பது தாழ்ந்த வேலை ஆகாது.

வெயிலில் கடும் உழைப்பும் நோன்பும் சேரும்போது என்ன செய்வது, இரவுப் பணியில் தொழுகை நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பவற்றை வேலைக்குச் சேரும் முன்பே நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உயிர்ப் பாதுகாப்பு

பாதையில் தடை கண்டால் 600 மீட்டரில் பேனர் கொடி, 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசுகள் வைக்க வேண்டும் என்பது அகலப் பாதை விதி. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 1200 மீட்டரை 40 வினாடிக்குள் கடந்துவிடும். விதி ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

2024 நவம்பர் 2 அன்று ஷொரணூர் அருகே பாரதப்புழை பாலத்தில் குப்பை அகற்றிக்கொண்டிருந்த, சேலம் பகுதியைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் நால்வர் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி இறந்தனர். 2016 மார்ச் 22 அன்று சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் நிலையம் அருகே, பயிற்சியில் இருந்த இளம் பராமரிப்புப் பணியாளர் இருவர் ரயில் மோதி இறந்தனர். முறையான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் பாதையில் இறங்கியதே காரணம் எனக் கண்டறிந்து, நிறுவனத்துக்கு 4 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

எனவே ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், உள்ளூரானாலும் வெளிநாடானாலும், நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வண்டி வருவதைச் சொல்ல ஆள் நிறுத்துவார்களா? பாதையில் இறங்க எழுத்தில் அனுமதி உண்டா? சம்பளம் வங்கியில் வருமா, பி.எஃப். எண் உண்டா? விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? பணியில் காயமுற்றால் நட்டஈடு கேட்கும் உரிமை 1923 முதலே இந்தியாவில் சட்டத்தில் உள்ளது. சிங்கப்பூரிலும் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்குப் பணிக்காய நட்டஈடு உண்டு.

தரகரிடம் பணம் தராதீர்

2022-இல் தமிழகத்தைச் சேர்ந்த 28 பேரை ரயில்வே வேலை என்று சொல்லி டெல்லிக்கு அழைத்துப்போனார்கள். புது டெல்லி நிலையத்தில் தினமும் எட்டு மணி நேரம், வந்துபோகும் வண்டிகளையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். அதுதான் பயிற்சி என்று அந்தப் பிள்ளைகள் ஒரு மாதம் நம்பினார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் போனதாகப் புகார். போலி மருத்துவப் பரிசோதனை, போலி நியமன ஆணை எல்லாம் காட்டியிருந்தார்கள்.

இதில் இரண்டு நஷ்டம் உண்டு. நிலம் விற்று, நகையை வட்டிக்கு வைத்துக் கொடுத்த பணம் போவது ஒன்று. வேலை வாங்க லஞ்சம் கொடுப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. வாங்குபவர் மட்டும் குற்றவாளி, கொடுப்பவர் பாவம் ஏமாளி என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. தகுதியுள்ள இன்னொரு ஏழையின் இடத்தைப் பணத்தால் பறிக்க முயன்றோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அடையாளம் எளிது. ரயில்வே வேலைக்கு நேர்முகத் தேர்வு இல்லை. தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் கட்டும் விண்ணப்பக் கட்டணம் தவிர வேறு எவரிடமும் பணம் கட்டும் கட்டம் இல்லை. 'கோட்டா இருக்கிறது', 'அதிகாரியைத் தெரியும்', 'பாதி இப்போது, பாதி ஆணை வந்த பிறகு' என்று யார் சொன்னாலும், அவர் உறவினராக இருந்தாலும், ஜமாஅத்தில் மதிப்புள்ளவராக இருந்தாலும், பணம் தராதீர்கள். ஏற்கெனவே தந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் காவல் துறையில் புகார் கொடுங்கள். மறைப்பதால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளையும் மாட்டுகிறான்.

இப்போதே செய்ய வேண்டியவை

• பெயர், பிறந்த தேதி எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள்.

• மத்திய அரசுப் படிவ ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

• கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

• எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள கணித, அறிவியல் பாடநூல்களை மீண்டும் எடுங்கள்.

• வாரம் ஐந்து நாள் ஓடுங்கள், எடை சுமந்து பழகுங்கள்.

• சென்னை ரயில்வே தேர்வு வாரியத்தின் இணையதளத்தை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள்.

பெண் பிள்ளைகளும் இதே வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குச் சான்றிதழ்களோடு வந்தால் கட்டணமின்றி உதவுவோம், இன்ஷா அல்லாஹ். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும், பாதையில் நின்று உழைப்போருக்குப் பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.