ஆழத்து வெக்கையும் நமது கொட்டிலும்

மருதனார்மடத்துத் தோட்டக் கிணற்றினுள் இறங்கினால் உடல் குளிரும். ஆனால் இந்தியாவின் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் அதிக ஆழமானது. அதன் அடியில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. அங்கு உழைத்தோரில் பெருந்தொகையினர் தமிழர்.

கீழிறங்கும் காற்று அமுக்கப்பட்டு, 100 மீற்றருக்கு ஏறக்குறைய 1 பாகை சூடேறும். எனவே விசிறி மட்டும் போதவில்லை. இயந்திரத்தால் குளிர்த்திய காற்றையே உள்ளே அனுப்பினர். ஈரக்காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிடின் உடல் ஆறாது.

அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. பாடம் நமக்கும் உரியது. இடம்பெயர்ந்து வாழும் தகரக் கொட்டிலில் எதிரெதிராகக் காற்றுவழி விடுவோம். கூரைமேல் கிடுகு பரப்புவோம். உச்சி வெயிலில் வேலையை நிறுத்தி, உப்பிட்ட கஞ்சி குடிப்போம். வெக்கையால் மயங்கியவரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம்.