ஆத்திகமும் நாத்திகமும்

பல ஆண்டுகட்கு முன் மேல்வகுப்பொன்றிற் சமயபாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவனொருவன் எழுந்து, “ஐயா, சாங்கியர் கடவுளை ஒப்புக்கொள்வதில்லை என்கிறீர்கள்; அவர் ஆத்திகர் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?” என்று வினவினான். மணியடிக்கும் வேளை. “நாத்திகம் பேசாதே, இரு” என்று அவனை அமர்த்திவிட்டேன். அவன் பேசியது நாத்திகமன்று. நான் சொன்னது விடையுமன்று. அக்கடனை இம்மலரிலே தீர்க்க முயல்கின்றேன்.

இவையிரண்டும் வடசொற்கள். ‘அஸ்தி’ என்பது உண்டு என்றும், ‘நாஸ்தி’ என்பது இல்லை என்றும் பொருள்படும். உண்டென்னுங் கருத்துடையான் ஆத்திகன். இல்லையென்னுங் கருத்துடையான் நாத்திகன். பாணினி முனிவர் இச்சொற்கள் பிறக்குமாற்றைத் தம் இலக்கணத்திற் கூறியுள்ளார். ஆயின், எது உண்டு, எது இல்லை என்பதனைச் சொல் தானே உணர்த்துவதில்லை. குழப்பம் பிறப்பது இவ்விடத்திலேயாம்.

அவ்விடத்தை நிரப்பினோர் மூவகையாக நிரப்பினர். பாணினி நூலுக்கெழுந்த காசிகையுரை, மறுமை உண்டென்பானை ஆத்திகன் என்றது. மனுநூல், வேதத்தை இகழ்வானை நாத்திகன் என்றது. இக்கால வழக்கோ, கடவுள் இல்லையென்பானையே அப்பெயராற் குறிக்கின்றது.

இம்மூன்று அளவுகோல்களையும் கொண்டு அளந்து பார்ப்போம். சாங்கியரிற் பெரும்பாலாரும் மீமாஞ்சகரும் உலகைப் படைத்தானொரு கடவுளை வேண்டாதவர்; எனினும் வேதத்தைப் பிரமாணமாகக் கொண்டவர். ஆதலின் மனுவின் அளவையால் ஆத்திகர். இக்கால அளவையால் நாத்திகர். பௌத்தரும் சமணரும் வேதத்தை ஏலாதவர். ஆயினும் வினைப்பயனும் மறுபிறப்பும் உண்டென்பர். ஆதலின் காசிகையின் அளவையால் அவரும் ஆத்திகரே. மூன்றையும் மறுத்து, எவ்வளவையாலும் நாத்திகராய் நிற்போர் உலகாயதர்.

மேனாட்டு வரலாறும் இதனையே காட்டும். கி.மு. 399இல் சோக்கிரதீசு மீது சாட்டப்பட்ட குற்றங்களுள், நகரத்தார் வணங்கிய தெய்வங்களை ஏற்றிலர் என்பது ஒன்று. உரோமப் பேரரசிலே ஆதிக் கிறித்தவர், ஒரு கடவுளை வழிபட்டும், அந்நாட்டுத் தெய்வங்களை வணங்காமையால் நாத்திகர் எனப் பழிக்கப்பட்டனர். ஆகவே, நாத்திகம் என்பது தனித்து நிற்குஞ் சொல்லன்று. எந்த ஆத்திகத்தை மறுக்கின்றது என்றறிந்த பின்னரே அதன் பொருள் துணியப்படும். உண்டென்றும் இல்லையென்றும் துணியாது, அறியக்கூடவில்லை என்பாருமுளர். அவர் நிலைக்கு அக்சிலி என்னும் ஆங்கில அறிஞர் 1869இல் வேறு பெயரிட்டார். அவரையும் நாத்திகருடன் சேர்த்தெண்ணுதல் பிழை.

இனி, மறுப்போரை நம் பெரியோர் நடத்திய முறையைக் காண்க. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலே உலகாயதன் முதலாகப் பிறர் மதங்களை எடுத்துக்கொண்டார். முதலில் அவர் கொள்கையைக் கூறி, அதன் பின்னரே மறுத்தார். அவருள் ஒருவனுக்கு நிரீச்சுர சாங்கியன் என்றே பெயர். நிரீச்சுரம் என்பது ஈசுரன் இல்லை என்னுங் கொள்கை. வசைச்சொல் வேண்டப்படவில்லை, கொள்கையைச் சுட்டும் பெயரே போதியதாயிற்று.

பரபக்கத்தைப் படிப்பித்த நான் அதன் முறையை அன்று வகுப்பிலே கைக்கொள்ளவில்லை. அம்மாணவர் இன்று எங்கிருப்பினும், இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், தாம் கேட்டது நல்ல வினாவென்று அறிவாராக. இப்பொழுது வகுப்பறையிலிருக்கும் மாணாக்கர், ஒருவரை நாத்திகர் என்னுமுன், “அவர் இல்லையென்பது எதனை?” என்று தம்மைத் தாமே வினவுவாராக.