பர்சிலா ஏன் எருசலேமுக்குப் போகவில்லை?

வேதபாடம்: 2 சாமுவேல் 19:31-39



நம்ம நாவலூர் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாய் இருந்த ஊர். இன்றைக்கு எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி. பிள்ளைகள் சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தெற்கேயிருந்து வந்த தாத்தா பாட்டிமார் நம் சபையிலும் அநேகர். பேரப்பிள்ளைகள் வளர்ந்தபின் சிலர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். சிலர் கோயம்புத்தூர் பக்கம் முதியோருக்கென்றே கட்டின குடியிருப்புகளுக்குப் போகிறார்கள். "வயசான காலத்துல பிள்ளைங்கள விட்டுட்டுப் போறது பாவமாங்க?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி என் வீட்டிலும் வந்தது.

போன வருஷம் நானும் என் மனைவியும் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கே போய்விடத் தீர்மானித்தோம். மகனிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்துவிட்டேன். கேட்டவர்களிடம், "ஆண்டவர் ஊழியத்துக்குக் கூப்பிடுறார். ஆபிரகாம் 75 வயசுல புறப்படலையா?" என்றேன். உண்மை வேறு. மருமகள் ஒருநாள் சொன்ன ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

பெட்டி கட்டுவதைப் பார்த்த பேத்தி, "தாத்தா, எங்க மேல கோபமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு முழங்காலில் நின்றபோது, ஆவியானவர் பர்சிலாவை நினைப்பூட்டினார்.

அப்சலோமுக்குத் தப்பி ஓடின தாவீதை மக்னாயீமில் பராமரித்த பெரிய மனுஷன் இந்த பர்சிலா. வயது 80. ராஜா அவனை எருசலேமுக்கு அழைத்து, தன் பக்கத்திலேயே வைத்துப் பராமரிப்பதாகச் சொன்னான். பர்சிலா போகவில்லை. தாய் தகப்பன் கல்லறை இருக்கிற தன் ஊரிலேயே மரிக்க விரும்பினான். வேதம் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் விடைபெற்ற விதத்தைக் கவனியுங்கள்.

1. உண்மையைச் சொன்னான்

வயதாகிவிட்டது, சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாட்டு காதில் விழவில்லை, பாரமாயிருக்க மனமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். கர்த்தர் பெயரைச் சொல்லி எதையும் மறைக்கவில்லை. கொர்பான் என்று சொல்லி பெற்றோருக்குரிய கடமையைத் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:11). என் மனக்கசப்புக்கு ஊழியம் என்று பெயர் வைத்த நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

2. வழியனுப்ப வந்தான்

யோர்தானைக் கடந்து கொஞ்சதூரம் ராஜாவோடே நடந்தான். முத்தமும் ஆசீர்வாதமும் பெற்றுப் பிரிந்தான். யாக்கோபோ லாபானுக்குச் சொல்லாமல் ஓடினான். பிள்ளைகளை முத்தமிட்டு அனுப்பக்கூட விடவில்லையே என்று லாபான் மனம் நொந்தான் (ஆதியாகமம் 31:28). நான் செய்யப் பார்த்ததும் அதுவே.

3. உறவை அறுக்கவில்லை

தான் போகாவிட்டாலும் கிம்காமை ராஜாவோடே அனுப்பினான். தாவீது மரிக்கும் தறுவாயிலும் பர்சிலாவின் பிள்ளைகளுக்குப் பந்தியில் இடம் கொடுக்கும்படி சாலொமோனுக்குக் கட்டளையிட்டான் (1 இராஜாக்கள் 2:7). வெகுகாலத்துக்குப் பின்னும் பெத்லெகேமுக்கு அருகே ஓர் இடம் கிம்காமின் பெயரால் விளங்கிற்று (எரேமியா 41:17).

எல்லாரும் பர்சிலாவைப்போல் தூரமாய் இருக்கவேண்டும் என்றல்ல. யாக்கோபு 130 வயதில் எகிப்துக்குப் போய், 17 வருஷம் யோசேப்பின் அருகே வாழ்ந்து, எப்பிராயீம் மனாசேயின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தான். கிட்டவோ தூரமோ, நம் ஆசீர்வாதம் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "அவங்களாத்தானே போனாங்க" என்று கைகழுவக் கூடாது. 1 தீமோத்தேயு 5:4 பேரன் பேத்திகளையும் சேர்த்தே பேசுகிறது. தேசத்தின் சட்டமும் அப்படியே. தங்களைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் பிள்ளைகளும் வயதுவந்த பேரப்பிள்ளைகளும் பராமரிக்க வேண்டும் என்கிறது 2007-ம் வருஷச் சட்டம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் உண்டு. பெரியவர்களே, ஊருக்குப் போகும் அவசரத்தில் வீட்டை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். ஜெபித்து, விசாரித்துச் செய்யுங்கள்.

நான் டிக்கெட்டை ரத்து செய்தேன். மருமகளிடம் போய், "என்னை மன்னிச்சிரும்மா, மனசுல கசப்பு வச்சிருந்தேன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னதையே அவள் மறந்திருந்தாள்! நான் மாத்திரம் அதை மாதக்கணக்காய்ச் சுமந்திருக்கிறேன்.

ஊருக்குப் போகிறோம், அதில் மாற்றமில்லை. வருகிற மே மாத விடுமுறையில் பேத்தியும் கூட வருகிறாள். செங்கல்பட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் திருநெல்வேலி. பள்ளி திறக்கும்போது அவள் திரும்பிவிடுவாள். தினமும் இரவு ஜெபம் போனில் சேர்ந்து செய்வதாக எங்களுக்குள் உடன்படிக்கை.

பிரியமானவர்களே, நீங்கள் புறப்படுவது கர்த்தரின் அழைப்பினாலா, கசப்பினாலா? இன்றைக்கே அவர் சமுகத்தில் ஆராய்ந்து பாருங்கள். மாரநாதா!